ரி.ஜே. என்று குத்திய சுவர்

செவ்வாய்க்கிழமை காலை, மெல்பேணில் டண்டினோங் தெற்கில் இருக்கும் அந்தக் கொங்கிறீட் தொழிற்சாலையின் முற்றத்தில், நான்கு தொன் பனல் ஒன்று கிரேன் கொக்கியிலிருந்து பிய்ந்து விழுந்தது. பனல் என்றால், கட்டடத்துக்குச் சுவராக நிறுத்துவதற்காக அச்சில் வார்த்து எடுக்கும் பெரிய கொங்கிறீட் பலகை. விழுந்ததன் ஒரு மூலை யோனின் வலது பாதத்தைப் பிடித்துவிட்டது. யோன் மன்னார்ப் பெடியன், முப்பது வயது, அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கத்திய கத்தலை அங்கு நின்ற ஒருவரும் இலேசில் மறக்கமாட்டார்கள்.

அம்புலன்ஸ் வாசலைத் தாண்டும் முன்னமே, மேற்பார்வையாளர் நித்தியானந்தன் உடைந்த பனலுக்குப் பக்கத்தில் குந்தினார். மூலையில் ஒட்டியிருந்த சேற்றைப் பெருவிரலால் வழித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ரி.ஜே."

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பித் திரேசாவைப் பார்த்தார்கள்.

திரேசா ஜசிந்தன் அங்கே ஆறு வருடமாகக் கம்பி கட்டுகிறவள். அச்சுக்குள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வலையை விரித்து, கட்டுக் கம்பியால் முடிந்து, கொங்கிறீட் ஊற்றி மட்டப்படுத்திய பிறகு, ஈரம் காயுமுன் மூலையில் திகதியை எழுதி, தன் பெயரின் இரண்டு ஆங்கில முதலெழுத்துள்ள பித்தளை முத்திரையைக் குத்துவாள். ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை. யார் கட்டிய பனல் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் என்பது கொம்பனிச் சட்டம். திரேசாவுக்கு அந்த முத்திரையில் அப்படி ஒரு பெருமை. படகில் வந்து பதின்மூன்று வருடமாகியும் அவளுக்கும் புருஷனுக்கும் பிரிட்ஜிங் விசாதான். இருக்கலாம் என்றும் சொல்லாத, போ என்றும் சொல்லாத விசா அது. ஆனால் மெல்பேணில் ஆயிரம் சுவரில் அவள் பெயர் இருக்கிறது. என்னை அனுப்புகிறதென்றால் முதலில் அந்தச் சுவர்களை இடிக்கட்டும் என்று தேநீர் மேசையில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிச் சிரித்த ஒரு நாள் கிரேன்காரன் லியூ சிரிக்கவில்லை. லியூ சீனாக்காரன், ஐம்பத்தைந்து வயது, நிலத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கில் மண் போர்வீரர்கள் கிடந்தார்களே, அந்த இடத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவன். சின்ன வயதில் அவன் வீட்டுத் தொழிலே உல்லாசப் பயணிகளுக்கு விற்கப் போலி மண்வீரர்கள் செய்வதுதான். அவனுக்கும் உடைந்த ஆங்கிலம், அவளுக்கும் உடைந்த ஆங்கிலம், அதனால் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும். அன்றைக்கு அவன் சொன்னது இதுதான். சீனாவை முதன்முதலாக ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் வம்சத்துச் சக்கரவர்த்தி, தன் கல்லறைக்குக் காவலாக அந்த மண்படையைச் செய்வித்தான். ஒவ்வொரு வீரனின் உடம்பிலும் எங்கேயோ ஓர் ஒதுக்குப்புறத்தில், செய்த குயவனின் பெயர் குத்தியிருக்கும். பார்க்க வருகிறவர்கள், ஆகா, கலைஞன் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று படமெடுப்பார்கள். கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது. பொம்மை பிழையாகப் போனால் யாரைப் பிடித்து அடிப்பது என்று தெரிவதற்குத்தான் அந்தப் பெயர்.

திரேசா அதை அன்று நம்பவில்லை. இவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு புளிப்பு என்று நினைத்தாள். இப்போது முற்றத்தில் நின்று தன் இரண்டு எழுத்தையும் பார்த்தபோது அவளுக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் திகதி இருந்தது. ஆவணி பதினைந்து.

ஆவணி பதினைந்து, அதாவது ஓகஸ்ட் பதினைந்து, மடு மாதா திருநாள். அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். பின்னேரம் முழுக்கக் கோயில் ஊர்வலத்தில் மாதா சுருவத்துக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தவள், எப்படி டண்டினோங்கில் பனல் வார்த்திருப்பாள்?

இங்கேதான் நம்முடைய ஆட்களின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிற வியட்நாமியன், சமோவாக்காரன், லியூ எல்லோரும் முத்திரையைத் திறப்புக் கோர்வையில் சாவிகளோடு மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தமிழர் ஏழு பேர் மட்டும் போகும்போது நித்தி அண்ணையின் மேசையில் இருக்கும் தகரப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணைதான் வேலை எடுத்துத் தந்தவர். ஆங்கிலக் கடிதம் வந்தால் அண்ணைதான் வாசித்துச் சொல்கிறவர். யாருக்கும் கோயில், பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, வக்கீலிடம் போவது என்று அரைநாள் தேவைப்பட்டால், போயிட்டு வாங்கோ, நான் உங்கட முத்திரையைக் குத்தி விடுறன் என்பார். அரைநாள் வேலை முழுநாளாகிவிடும். சம்பளமும் வெட்டுப்படாது. தமிழன் தமிழனுக்குச் செய்கிற உதவி என்று ஏழு பேரும் வாயாரப் புகழ்ந்தார்கள். தூண்டிலில் புழு இருந்தால் மீனுக்கும் அது உதவி மாதிரித்தான் தெரியும்.

மத்தியானம் லியூ அவளை உடைந்த பனலுக்குக் கூட்டிப்போனான். உடைந்த விளிம்பைக் காட்டினான். இரண்டு அடுக்கு வலை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அடுக்குத்தான் இருந்தது. திரேசா குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். ஆறு வருடத்தில் ஒரு பனலுக்குக்கூட அவள் வலை குறைத்ததில்லை. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, அவமானம். எவனோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் களவெடுத்த மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் நோபல் பார்க்கில் இருக்கும் அவர்களுடைய வாடகை வீட்டுக்கு நித்தியானந்தன் வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. வசதியான கிளென் வேவர்லியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவே வீடு வாங்கிய மனிதர், இந்தப் பக்கம் காலடி வைத்து மூன்று வருடமிருக்கும். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, தேத்தண்ணி குடித்து, யோனுக்காக ஒரு பெருமூச்சும் விட்டார். பாதத்தில் மூன்று எலும்பு போய்விட்டதாம். பிறகு, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரியும் வருகிறா, வலை ஒன்றைப் போட மறந்துபோனேன் என்று நீர் சொல்லும், ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்றார். ஏதோ கடையில் பால் வாங்கி வரச் சொல்வது போல அவ்வளவு இலேசாகச் சொன்னார்.

"நான் அண்டைக்கு வேலையில நிக்கேல்ல அண்ணை. நீங்கள்தானே போகச் சொன்னனீங்கள்."

"அதைச் சொல்லிப்பாரும். வேலையில நிக்காமல் சம்பளம் எடுத்தது களவு, தங்கச்சி. களவெண்டு ஒரு வசனம் எழுதினாங்களெண்டால் உம்மட விசாவுக்கு என்ன நடக்குமெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

அப்போதுதான் திரேசாவுக்குத் தான் எந்தக் குழிக்குள் நிற்கிறாள் என்று விளங்கியது. குற்றமில்லை என்று காட்ட ஒரேயொரு சாட்சிதான் உண்டு, அந்தச் சாட்சியே அவளைக் கள்ளியாக்கும். அவள் கோபத்தை விழுங்கிக்கொண்டு ஏன் ஒரு வலை என்று கேட்டாள். நித்தி மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அளவுக்கு அவளை ஓர் ஆளாக அவர் நினைக்கவுமில்லை. அன்று வலை லொறி வரவில்லை. நான்கு பனல் அன்றைக்கே வார்க்க வேண்டும். பிந்தினால் மேலிடம் தன் கழுத்தைப் பிடிக்கும். இருந்த வலையைப் பங்குபோட்டு ஊற்றியாயிற்று.

"நாலா?" என்றாள் திரேசா. "மற்ற மூண்டும் எங்கை?"

"திங்கட்கிழமை வெரிபீக்குப் போயிட்டுது. அங்கை ஒரு குழந்தையள் காப்பகம் கட்டுறாங்கள். அதுகள் நிண்டிட்டுதுதானே. நிக்கிற சுவரைப் பற்றி ஏன் கதைப்பான்?"

அவர் போன பிறகு திரேசா அவர் குடித்த கோப்பையை மூன்று தரம் கழுவினாள். கேக்கைப் பெட்டியோடு குப்பையில் போட்டாள். அவர் வீட்டுக்குள் வந்ததை விட, தான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததுதான் அவளுக்கு ஆறவேயில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறாள். பழியைக் கேக்கோடு கொண்டுவந்து வீட்டில் தந்துவிட்டுப் போவார்கள் என்று கேட்டதில்லை.

புருஷன் ஜசிந்தன் நல்ல மனிதன். பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓடுகிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, அண்ணை சொல்கிறதிலும் ஒரு ஞாயம் இருக்கு, ஒரு கடிதத்தோடு போனால் போகட்டுமே என்றான்.

"மூண்டு சுவர் பிள்ளையளின்ர தலைக்கு மேல நிக்குது. மூண்டிலயும் என்ர பேர். விழுந்தால் ஆரைத் தேடுவாங்கள்? நித்தி அண்ணையையோ?"

ஜசிந்தன் மறுபடி சுவரைப் பார்த்தான். அவனுடைய மௌனத்தோடு சண்டை பிடிக்க முடியாமல் அவள் குசினியில் போய்ச் சட்டிகளோடு சண்டை பிடித்தாள்.

புதன்கிழமை மற்ற ஆறு பேரில் ஐந்து பேர் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆறாவது ஆள் யோன், அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரேசா உண்மையைச் சொல்லப் போகிறாள் என்ற கதை எப்படியோ பரவிவிட்டது. ரின்னைப் பற்றிச் சொன்னால் ஏழு முத்திரையும் வெளியே வரும், ஏழு பேருடைய அரைநாள்களும் வெளியே வரும். ஏழு பேரில் ஒருவருக்குக்கூட நிரந்தர விசா இல்லை. கழிவறை வாசலில் வைத்து ஞானமலர் அவளைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரிலும் மூத்தவள் அவள், யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்த மூன்று பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகிறவள்.

"உன்ர கோபத்துக்கு எங்கட பிள்ளையளின்ர சோத்தில மண்ணைப் போடாதை, திரேசா."

திரேசா அவளுடைய பிடியை விடுவித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நித்தியின் மீது வந்த கோபம் சுத்தமான கோபம். இது அப்படியில்லை. ஞானமலர் அக்கா மீதும் கோபம் வந்தது, ஞானமலர் அக்கா சொன்னது சரி என்பதால் தன் மீதும் வந்தது. பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் அவள் அன்று முழுக்கக் கம்பி முடிந்தாள். முடிந்த ஒவ்வொரு முடிச்சும் தேவைக்கு மேல் இறுகியிருந்தது.

வியாழக்கிழமை தேநீர் நேரத்தில் லியூவுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. திரேசா அங்கே போய் அமர்ந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. சொன்னாலும் சட்டம் பிடிக்கும், சொல்லாவிட்டாலும் சட்டம் பிடிக்கும் என்று அவளாகச் சொன்னாள். லியூ தேநீரை வைத்துவிட்டு அந்தச் சக்கரவர்த்தியின் கதைக்கு மறுபடி வந்தான்.

அந்த மகாராசன் தன் வம்சம் பத்தாயிரம் தலைமுறை ஆளும் என்று சொன்னானாம். அவன் செத்த அடுத்த வருடம், தொள்ளாயிரம் ஏழைகளை எல்லைக் காவலுக்கென்று பிடித்து அனுப்பினார்கள். வழியில் மழை. ஆறு பெருகிப் பாதை வெட்டுப்பட்டுவிட்டது. குறித்த நாளில் போய்ச் சேர முடியாது. பிந்தினால் தலை போகும் என்பது சட்டம். மழை பெய்தது என்று சொன்னால் சட்டத்துக்குக் காது கேட்காது. அந்தக் கூட்டத்தில் சென் ஷெங் என்று ஒரு கூலிக்காரன் இருந்தான். அவன் தன் கூட்டாளியோடு இருந்து யோசித்தான். பிந்திப் போனாலும் சாவு. தப்பி ஓடினாலும் சாவு. எதிர்த்து எழும்பினாலும் சாவு. எல்லாம் ஒரே விலை என்றால், எதற்காக மட்டமான சாமானை வாங்க வேண்டும்? தொள்ளாயிரம் பேரும் எழும்பினார்கள். தடியை வெட்டி ஆயுதமாக்கினார்கள். மூன்று வருடத்துக்குள் பத்தாயிரம் தலைமுறை முடிந்துபோயிற்று. மொத்தமாகப் பதினைந்து வருட ஆட்சி.

அந்தச் சென் ஷெங்குக்கு என்ன நடந்தது என்று திரேசா கேட்டாள்.

ஆறு மாதத்தில் செத்தான் என்றான் லியூ. கொன்றது சக்கரவர்த்தியின் ஆளில்லை. அவனுடைய சொந்த வண்டிக்காரன்.

திரேசாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாதவன் என்றால் லியூதான். எழும்பிப் போகும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். அந்தப் பொல்லாத ஆட்சியில்கூட, ஆயுதம் செய்கிற பட்டறையில் ஈட்டிமுனையில் கொல்லனின் பெயர் மட்டும் இருக்காது. கொல்லனின் பெயருக்கு மேலே பட்டறை அதிகாரியின் பெயர். அதற்கும் மேலே தலைமை மந்திரியின் பெயர். ஈட்டி முறிந்தால் மேலேயிருந்து கீழேவரை எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு லியூ முற்றத்தில் கிடந்த உடைந்த பனலைப் பார்த்தான். அதில் இரண்டே இரண்டு எழுத்து இருந்தது.

வெள்ளிக்கிழமை திரேசா ஒரு மணித்தியாலம் முந்தி வந்தாள். நித்தியின் அறை திறந்துதான் கிடந்தது. திருடனுக்குத் தன் வீடு திறந்து கிடப்பதைப் பற்றிப் பயம் கிடையாது. மேசையில் இருந்த பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மற்றவர்கள் வேலைக்கு வர வர ஒவ்வொருவருடைய முத்திரையையும் அவரவர் கையில் கொடுத்தாள். யோனுடையதை அவன் லொக்கருக்குள் போட்டாள், தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்தாள். ஞானமலரின் கையில் வைக்கும்போது மட்டும் வாய் திறந்தாள்.

"நான் என்ர பேரைப் பற்றி மட்டும்தான் சொல்லுவன் அக்கா. உங்கட பேர் உங்கட கையில. இனி அதை ஒருத்தரிட்டயும் குடுக்காதேங்கோ."

வெறும் ரின்னைத் திருப்பி மேசையில் வைத்தாள். முத்திரைகள் நித்தியிடம் இருந்தன என்பதற்குத் தனக்கிருந்த நல்ல சாட்சியைத் தானே கலைத்துவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

பத்து மணிக்கு விசாரணை. கொம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண், அரசாங்கத்துப் பாதுகாப்பு அதிகாரியாக இன்னொரு பெண். மூன்றாவது கதிரையில் நித்தியானந்தன். திரேசாவின் ஆங்கிலம் போதாதென்பதால் மொழிபெயர்க்க இருக்கிறாராம். அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கொதித்தது. அவளுடைய முத்திரையைக் குத்தியவர், இப்போது அவளுடைய வாயையும் தானே குத்தப் போகிறார். வேலி பயிரை மேய்கிறது போதாதென்று, பயிருக்காகச் சாட்சியும் சொல்ல வந்திருக்கிறது. எனக்கு இவர் வேண்டாம், என் ஆங்கிலம் உடைந்தது, ஆனால் என்னுடையது என்றாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தா.

இது உன் முத்திரையா என்று கொம்பனிப் பெண் கேட்டாள். முத்திரை என்னுடையது, குத்திய கை என்னுடையதில்லை என்றாள் திரேசா. பிறகு தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள். மாதா சுருவத்துக்குப் பின்னால் நீலச் சேலையும் கையில் செபமாலையுமாக அவள் நிற்கும் படம். ஆவணி பதினைந்து, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். அந்த அரைநாளுக்கும் நான் சம்பளம் எடுத்தேன், அது பிழை, அதற்கு என்ன தண்டனையோ தாருங்கள், ஆனால் வலையைக் குறைத்த பிழைக்கு என்னைத் தண்டிக்காதீர்கள் என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குவதாக அவர்கள் நினைத்திருப்பார்கள். அது கோபம்.

நித்தி சிரித்தார். இவவுடைய முத்திரை என்னிடம் எப்படி வரும், ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் முத்திரையை வைத்திருக்கிறார்கள், வெளியே போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். அவர் சொன்னது இன்று காலையிலிருந்து உண்மைதான். திரேசாவே அதை உண்மையாக்கியிருந்தாள். கொம்பனிப் பெண்ணும், படம் இருக்கலாம், ஆனால் பனலில் இருப்பது உன் பெயர்தானே என்றாள்.

திரேசா எழும்பி நின்றாள். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தி சீனாவில் ஒரு பொல்லாத ராசா இருந்தான் என்று தொடங்கினாள். கொம்பனிப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரேசா விடவில்லை. ஈட்டியில் கொல்லனின் பெயர், அதற்கு மேலே அதிகாரியின் பெயர், அதற்கும் மேலே மந்திரியின் பெயர் என்று விரலை மடித்து மடித்துச் சொன்னாள். பிழை செய்தவனைக் கொல்லுகிற ராசாவே மந்திரியின் பெயரையும் எழுதச் சொன்னான். இந்தப் பனலில் இவருடைய பெயர் எங்கே? உங்களுடைய பெயர் எங்கே? வலை வராத நாளில் ஊற்றச் சொன்னவரின் பெயர் எங்கே?

கொம்பனிப் பெண் தன் கோப்பைப் புரட்டினாள். அரசாங்க அதிகாரி மட்டும் ஒரேயொரு கேள்வி கேட்டா. வலை வராத நாளா?

அந்தக் கேள்விக்காகத்தான் திரேசா வார்ப்புப் பதிவில் அந்த நான்கு பனலின் இலக்கங்களையும் பார்த்து, மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். அன்று வார்த்தது நான்கு பனல், ஒன்று முற்றத்தில் உடைந்து கிடக்கிறது, மற்ற மூன்றின் இலக்கங்கள் இவை, மூன்றும் வெரிபீயில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நிற்கின்றன. வலை லொறி அன்று வந்ததா என்று வாசல் புத்தகத்தில் பாருங்கள். என்னை நம்ப வேண்டாம், சுவரை உடைத்துப் பாருங்கள்.

அதிகாரி இலக்கங்களை எழுதிக்கொண்டு, தொலைபேசியோடு உடனே வெளியே போனா. நித்தி கதிரையை அவள் பக்கம் திருப்பினார். அவர் தமிழுக்கு வந்தார்.

"உம்மட தலையில நீரே மண்ணை அள்ளிப் போட்டிட்டீர்."

"மண் இல்லை அண்ணை, கொங்கிறீட். அதுவும் ஒரு வலையோட."

மத்தியானம் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம், செய்யாத வேலைக்குச் சம்பளம் எடுத்தது பற்றித் தனியாகக் கடிதம் வரும், முத்திரை கொம்பனிச் சாமான், அதைக் கொடுத்துவிட்டுப் போ. திரேசா முத்திரையைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினாள். முற்றத்தைத் தாண்டும்போது ஞானமலர் அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவளுடைய கழுத்துச் சங்கிலியில், அந்தோனியார் பதக்கத்துக்குப் பக்கத்தில், பித்தளை ஒன்று தொங்கியது.

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. வேலை போய்விட்டது. நித்தியானந்தனுக்குச் சம்பளத்தோடு லீவு என்று லியூ தொலைபேசியில் சொன்னான். கேட்டுவிட்டு அவள் தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். எய்தவனுக்கு லீவு, அம்புக்குக் கடிதம். விசா விஷயம் என்ன ஆகும் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. ஜசிந்தன் அவள் தலையைத் தடவிவிட்டு வான் ஓட்டப் போனான். வைதிருந்தால்கூட அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அவள் காரை எடுத்துக்கொண்டு வெரிபீக்குப் போனாள். நோபல் பார்க்கிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஓட்டம். ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. புதிது புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவில் கம்பி வேலி அடைத்த ஒரு காணி. உள்ளே அரைகுறைக் கட்டடம். மூன்று பனலையும் இறக்கி வேலிக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை உடைத்துப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு உடைவிலும் ஒரே ஓர் அடுக்கு வலை. ஒவ்வொரு உடைவுக்குப் பக்கத்திலும் அவளுடைய எழுத்து, அழகாக, ஆழமாக. நித்தி நன்றாகத்தான் அழுத்திக் குத்தியிருந்தார்.

தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளம் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். திரேசாவின் கழுத்துச் சிலுவையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, நீங்க தமிழா என்று கேட்டாள். பெயர் வர்ஷாவாம், கோயம்புத்தூர். இரண்டு தெரு தள்ளி வீடு. இந்தக் காப்பகத்தில்தான் மகளுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறாளாம், தை மாதம் திறப்பதாக இருந்ததாம். அவளுக்கும் நல்ல கோபம். குரல் ஏறிக்கொண்டே போனது.

"குழந்தைங்க இருக்கிற இடத்துல இப்படிப் பண்ணியிருக்காங்க பாருங்க. செஞ்சவன சும்மா விடக்கூடாதுங்க. பேரு கூட குத்தி வச்சிருக்கான், டி.ஜே.ன்னு. யாருங்க அது?"

திரேசா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறலாம். இந்தப் பெண்ணை இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. வண்டிக்குள் குழந்தை தன் சப்பாத்தைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. திரேசா கைப்பையின் சிப்பைத் திறந்து, பித்தளை முத்திரையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அது நான்தான்," என்றாள். "நில்லுங்கோ, போகாதேங்கோ. ஆர் செய்ததெண்டு நான் சொல்லுறன்."